இறக்குமதி விதிகள்: நாடாளுமன்றம் பார்ப்பது எப்போது?

புது தில்லி: பதினேழாவது மக்களவை கடைசியாகக் கூடிய நாள் 2024 பிப்ரவரி 10. தேர்தல் அட்டவணையைத் தேர்தல் ஆணையம் அறிவித்த நாள் மார்ச் 16. இவ்விரு நாள்களுக்கும் இடையே நாடாளுமன்ற மாளிகை பூட்டிக் கிடந்தது. உறுப்பினர்கள் தொகுதிகளில் இருந்தார்கள். ஆனால், அரசிதழ் ஓய்வெடுக்கவில்லை.

பிப்ரவரி 28-ல், சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வரும் அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்வதற்கான விதிகள் வெளியாயின. மார்ச் 14-ல், வளர்ப்பு யானைகளை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுவதற்கும் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டு செல்வதற்குமான விதிகள் வெளியாயின. அதற்கு மறுநாள், வெளிநாட்டில் முழுமையாகத் தயாரித்த மின்சார கார்களைக் குறைந்த சுங்க வரியில் இறக்குமதி செய்ய வழி வகுக்கும் திட்டத்தைக் கனரகத் தொழில் அமைச்சகம் அறிவித்தது. அதற்கும் மறுநாள் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன.

இவற்றில் எதுவும் சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. விதி செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றமே அரசுக்கு அளித்திருக்கிறது. ஆனால், அதிகாரத்தை அளித்தவர்கள் அது எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதை எப்போது பார்க்கிறார்கள்? உயிருள்ள விலங்குகளும் மின்சார கார்களும் ஒரே பட்டியலில் இடம்பெறும் பொருள்கள் அல்ல. எனினும், இரண்டின் இறக்குமதியும் முடிவாகும் விதம் ஒன்றாகவே இருக்கிறது. அமைச்சகத்தில் கோப்பு நகர்கிறது. அரசிதழில் அறிவிக்கை வெளியாகிறது. பல வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து அதன் பிரதி ஒன்று அவையின் மேஜைக்கு வருகிறது.

மேஜையில் வைக்கப்படும் ஆவணங்கள்

மாநிலங்களவையில் காலை 11 மணிக்கும், மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து நண்பகல் 12 மணிக்கும் 'ஆவணங்களை மேஜையில் வைத்தல்' என்ற நிகழ்ச்சி நடைபெறுகிறது. அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தங்கள் பெயருக்கு எதிரே குறிப்பிட்டுள்ள ஆவணங்களை வைப்பதாகக் கூறிவிட்டு அமர்கிறார்கள். செய்தியாளர் மாடத்தில் இருப்பவர்கள் தேநீருக்கு எழுந்து போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இதை எழுதுபவரும் அதற்கு விலக்கல்ல. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் இந்தச் சில நிமிடங்களில் நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வந்து சேர்கின்றன.

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 159-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வரிவிலக்கு அளிக்கும் 25-ஆவது பிரிவின் கீழ் வெளியாகும் அறிவிக்கைகளும் இதில் அடங்கும். அவை இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அவை கூட்டத்தொடரில் இருக்கும் மொத்தம் 30 நாள்களுக்கு மேஜையில் இருக்க வேண்டும். அந்த 30 நாள்கள் ஒரே கூட்டத்தொடரில் அமையலாம். அடுத்தடுத்த கூட்டத்தொடர்களிலும் அமையலாம். அதற்கடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அறிவிக்கையைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். படிப்பதற்கு மிகவும் வலுவான அதிகாரமாகவே தோன்றும். ஆனால், அதே பிரிவின் கடைசி வரி வேறொன்றைச் சொல்கிறது. திருத்தமோ ரத்தோ, அதற்கு முன் அந்த அறிவிக்கையின் கீழ் நடந்து முடிந்த எதையும் பாதிக்காது.

2024-இன் நாள்காட்டியை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிய மக்களவை ஜூன் 24-ல் கூடியது. உறுப்பினர்கள் பதவியேற்பு, அவைத் தலைவர் தேர்தல், குடியரசுத் தலைவர் உரை என்று ஜூலை 2-ல் அந்தக் கூட்டத்தொடர் முடிந்தது. பட்ஜெட் கூட்டத்தொடர் ஜூலை 22-ல் தொடங்கி ஆகஸ்ட் 9-ல் முடிந்தது. மார்ச் மாத அறிவிக்கை ஒன்று புதிய மக்களவையின் முதல் நாளிலேயே மேஜைக்கு வந்ததாக வைத்துக்கொண்டாலும், ஆகஸ்ட் 9 வரை 28 நாள்கள்தான் ஆகின்றன. முப்பது நாள் நிறைவடைய நவம்பர் 25-ல் தொடங்கிய குளிர்காலக் கூட்டத்தொடருக்குக் காத்திருக்க வேண்டும். அறிவிக்கை வெளியாகி எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவு செய்ய பிப்ரவரி மாத விதிகள் அளித்த ஆறு மாத அவகாசம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

டிசம்பரில் இல்லாத திட்டம்

மின்சார கார் விவகாரத்தில் காலக்கணக்கு மட்டுமல்ல, அவையில் சொல்லப்பட்ட பதிலும் கவனத்துக்குரியது.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் இந்தியாவில் இறக்குமதி வரி மிக அதிகம் என்று 2021-ல் வெளிப்படையாகக் கூறத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மக்களவையில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, மின்சார வாகனங்களுக்கான இறக்குமதி வரியைக் குறைக்கும் யோசனை எதுவும் தமது அமைச்சகத்தின் பரிசீலனையில் இல்லை என்று கனரகத் தொழில் இணை அமைச்சர் கிரிஷன் பால் குர்ஜர் எழுத்து மூலம் பதிலளித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 டிசம்பர் 13-ல், வர்த்தகம் மற்றும் தொழில் இணை அமைச்சர் சோம் பிரகாஷ் மக்களவையில் அளித்த எழுத்து மூலமான பதிலும் ஏறக்குறைய அதேதான். உள்நாட்டு மதிப்புக் கூட்டல் நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கவோ, மின்சார வாகன இறக்குமதி வரியில் சலுகை தரவோ யோசனை ஏதும் இல்லை என்றார் அவர்.

மூன்று மாதங்களில் திட்டம் வந்தது. 35,000 டாலருக்குக் குறையாத மதிப்புள்ள மின்சார கார்களை ஐந்து ஆண்டுகளுக்கு 15 சதவீத வரியில் கொண்டு வரலாம். பதிலுக்கு அந்த நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ரூ. 4,150 கோடி முதலீட்டில் இங்கே ஆலை அமைத்து உற்பத்தியைத் தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் 25 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் உள்நாட்டு மதிப்புக் கூட்டல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 8,000 கார்களே உச்சவரம்பு. அரசு விட்டுக்கொடுக்கும் வரி, அந்த நிறுவனத்தின் முதலீட்டுத் தொகை அல்லது ரூ. 6,484 கோடி, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. இதற்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டும்.

40,000 டாலருக்கு உள்பட்ட மதிப்புள்ள காருக்கு அப்போது அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம். 35,000 டாலர் மதிப்புள்ள ஒரு காருக்கு 24,500 டாலர் செலுத்த வேண்டிய இடத்தில், சலுகை பெறும் நிறுவனம் 5,250 டாலர் செலுத்தினால் போதும். ஒரு காருக்கு 19,250 டாலர் மிச்சம். இது நல்ல பேரமா, கெட்ட பேரமா என்பதில் இரு தரப்புக்கும் வாதங்கள் உண்டு. புதிய தொழில்நுட்பமும் ஆலையும் வரும் என்பது ஒரு தரப்பு. வரிச் சுவரை நம்பி ஏற்கெனவே இங்கே முதலீடு செய்த உள்நாட்டு நிறுவனங்கள் என்ன பாவம் செய்தன என்பது மறு தரப்பு. இந்த வாதம் நடக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே டிசம்பரில் சொல்லப்பட்டதோ, அப்படி ஒரு யோசனையே இல்லை என்பது.

அமைச்சர்கள் அவையில் அளிக்கும் வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'கவனிக்கிறேன்' போன்ற சொற்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு அக்குழுவின் பட்டியலில் ஏறும். 'யோசனை இல்லை' என்பது உறுதிமொழியில் சேராது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் எந்தக் குழுவிடம் போய் நிற்க வேண்டும் என்பது அமைச்சகங்களுக்கு மனப்பாடம்.

அவசரம் காரணமாக அவை கூடும்வரை காத்திருக்க முடியவில்லை என்று அரசு சொல்லக்கூடும். அப்படியானால், அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். திட்டத்துக்கான விரிவான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியான நாள் 2025 ஜூன் 2. அதாவது, பதினான்கரை மாதங்களுக்குப் பிறகு. அன்றைய தினமே, டெஸ்லா இங்கே காட்சியகம் திறப்பதில்தான் ஆர்வம் காட்டுகிறது, உற்பத்தியில் அல்ல என்று கனரகத் தொழில் அமைச்சர் எச்.டி. குமாரசாமி தெரிவித்தார். ஜூலை 15-ல் மும்பையில் அந்த நிறுவனத்தின் முதல் காட்சியகம் திறக்கப்பட்டது. சலுகை ஏதுமின்றி முழு வரி செலுத்திய கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள் அறிவித்தே ஆக வேண்டிய அவசரம் எதில் இருந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. மேஜையில் வைக்கப்பட வேண்டியது சுங்க வரிக் குறைப்பு அறிவிக்கை மட்டுமே. எவ்வளவு முதலீடு, எந்த ஆண்டில் எவ்வளவு மதிப்புக் கூட்டல், தவறினால் என்ன நடவடிக்கை என்பதெல்லாம் இருப்பது கனரகத் தொழில் அமைச்சகத்தின் திட்ட அறிவிப்பிலும் நெறிமுறைகளிலும்தான். அவை எந்தச் சட்டத்தின் கீழும் இயற்றப்பட்ட விதிகள் அல்ல, நிர்வாக ஆவணங்கள். அவற்றை அவையில் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிக்குறைப்பு அறிவிக்கை 2024 ஜூனிலோ ஜூலையிலோ மேஜைக்கு வந்ததாகக் கொண்டால், அதைத் திருத்துவதற்கான கால எல்லை 2025 ஏப்ரல் 4-ல், பட்ஜெட் கூட்டத்தொடரின் முடிவோடு முடிந்தது. நெறிமுறைகள் வெளியானது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து. சலுகையின் முழு நிபந்தனைகளையும் உறுப்பினர்கள் படிக்க முடிந்தபோது, திருத்தும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

தமிழகத்துக்கு இது ஏதோ தில்லி விவகாரம் அல்ல. வியத்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரி 25-ல். திட்டம் அறிவிக்கப்படுவதற்கு 19 நாள்கள் முன்பு. ஆலை 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்டது. திட்டத்தின்படி முதலீட்டுக் காலம் தொடங்குவதோ ஒப்புதல் கடிதம் வழங்கப்படும் நாளிலிருந்து. முன்கூட்டியே வந்து பணம் போட்டவருக்கு அந்தப் பணம் கணக்கில் சேருமா என்பது அடிக்குறிப்பில் தீர்க்கப்பட வேண்டிய விஷயமா, அவையில் பேசப்பட வேண்டிய விஷயமா?

ஏற்றினால் தீர்மானம், இறக்கினால் மௌனம்

வரியைப் பொருத்தவரை நமது சட்டங்களில் ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அவசரச் சூழ்நிலையில் இறக்குமதி வரியை உயர்த்த சுங்கக் கட்டணச் சட்டத்தின் 8-ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால், அப்படி உயர்த்தினால் அறிவிக்கையை மக்களவையில் வைத்த 15 நாள்களுக்குள் தீர்மானம் கொண்டு வந்து நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கோர வேண்டும். நிதியமைச்சர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். யாரேனும் எதிர்த்துப் பேசலாம். அதே வரியைக் குறைக்க 25-ஆவது பிரிவில் 'பொதுநலன் கருதி' என்ற இரண்டு சொற்கள் போதும். தீர்மானம் வேண்டாம்.

சட்டத்தின் ஒப்புதலின்றி வரி விதிக்கக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவை வைத்துப் பார்த்தால் இதற்கு ஒரு நியாயம் தெரியும். வரி ஏறினால் குடிமகன் பாதிக்கப்படுவான்; இறங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? சட்டம் எழுதியவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக வரி குறையும்போது அந்த நினைப்பு பொருந்தும். குறிப்பிட்ட முதலீட்டைச் செய்யக்கூடிய விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களுக்கு மட்டும் குறையும்போது பொருந்தாது.

நாடாளுமன்றம் இதை உணர்ந்து ஒரு கடிவாளம் போட்டதும் உண்டு. நிபந்தனையுடன் அளிக்கப்படும் சுங்க வரிவிலக்குகள், வேறுவிதமாகக் குறிப்பிடப்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய மார்ச் 31-ல் தாமாகவே முடிவுக்கு வரும் என்று 2021-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 25-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. சலுகையைத் தொடர வேண்டுமானால் மறுபடி காரணம் சொல்லியாக வேண்டும் என்பது இதன் உள்கருத்து. இரண்டே ஆண்டுகளில், 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்தக் கடிவாளத்திலிருந்து பல இனங்களுக்கு விலக்கு அளித்தது. வர்த்தக ஒப்பந்தங்கள், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைத் திட்டங்கள் ஆகியவற்றோடு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் மத்திய அரசுத் திட்டங்களும் அதில் இடம்பெற்றன. ஐந்து ஆண்டு மின்சார கார் சலுகை இந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது.

அந்த நிதி மசோதா எப்படி நிறைவேறியது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2023 மார்ச் 24-ல், இரு தரப்பும் முழக்கமிட்டுக் கொண்டிருந்த அவையில், விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் மக்களவை அதை நிறைவேற்றியது. முந்தைய நாள் பட்ஜெட் மானியக் கோரிக்கைகளும் அவ்வாறே நிறைவேறியிருந்தன. அதானி விவகாரத்தில் கூட்டுக்குழு கேட்டு எதிர்க்கட்சிகளும், ராகுல் காந்தியின் லண்டன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு ஆளுங்கட்சியும் கூச்சலிட்டுக் கொண்டிருந்த வாரம் அது. கடிவாளம் தளர்ந்ததை அன்று அவையில் யாரும் பேசவில்லை.

1898-ஆம் ஆண்டுச் சட்டம்

விலங்குகள் பக்கம் வந்தால் கதை இன்னும் பழையது. கால்நடை இறக்குமதியை முறைப்படுத்தும் சட்டம் 1898-ல் ஆங்கிலேயர் இயற்றியது. வெளிநாட்டிலிருந்து தொற்றுநோய் வந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். உலக வர்த்தக அமைப்பின் விதிகளால் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கிய 2001-ல், இறைச்சி, முட்டை, பால் போன்ற கால்நடைப் பொருள்களையும் உள்ளடக்கும்படி அது திருத்தப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள கால்நடைத் தடுப்புக்காப்பு நிலையம் உள்பட, நாட்டின் நுழைவாயில்களில் விலங்குகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் இன்றும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் செயல்படுகிறார்கள்.

நோய்த்தடுப்பில் அறிவிக்கை மூலம் உடனே தடை விதிக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஓர் ஊரில் பறவைக் காய்ச்சல் கண்டால் அவை கூடும்வரை காத்திருக்க முடியாது. ஆனால், தடை விதித்த பிறகாவது அதன் ஆதாரத்தை யாரேனும் கேட்க வேண்டாமா?

2011 ஜூலை 19-ல் வெளியான ஓர் அறிவிக்கை, பறவைக் காய்ச்சல் இருப்பதாகத் தெரிவிக்கும் நாடுகளிலிருந்து கோழியினங்களும் அவற்றின் பொருள்களும் வருவதைத் தடை செய்தது. மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்க 13 நாள்கள் இருந்தன. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குச் சென்றது. தடைக்கு முறையான அபாய மதிப்பீடு எதுவும் செய்யப்படவில்லை, பன்னாட்டுத் தர நெறிகளையும் அது பின்பற்றவில்லை என்று நடுவர் குழு 2014 அக்டோபரிலும், மேல்முறையீட்டு அமைப்பு 2015 ஜூனிலும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2016-ல் ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அமெரிக்கா அனுமதி கோரியது. 2023 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. உறைய வைத்த வான்கோழி, வாத்து இறைச்சி உள்ளிட்ட சில பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. ஓர் அறிவிக்கையில் தொடங்கிய வழக்கு, வரிக்குறைப்பு என்ற இன்னோர் அறிவிக்கையில் போய் முடிந்தது. நாமக்கல் பண்ணையாளர்களுக்கு வழக்கின் எண் தெரியாவிட்டாலும் அதன் விலை என்னவென்று தெரியும். 'அபாய மதிப்பீடு எங்கே?' என்று ஜெனீவாவில் கேட்கப்பட்ட கேள்வியை 2011-லேயே தில்லியில் ஒரு நாடாளுமன்றக் குழு கேட்டிருக்கலாம்.

இந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டு வர 2023 ஜூனில் முயற்சி நடந்தது. கால்நடை பராமரிப்புத் துறை ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு, கருத்துக் கூறப் பத்து நாள் அவகாசம் அளித்தது. வரைவு மசோதாக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது 2014-ல் மத்திய அரசே வகுத்த கொள்கை. வரைவில் இறக்குமதியோடு ஏற்றுமதியும் சேர்க்கப்பட்டிருந்தது. நாய், பூனை உள்பட பல விலங்குகள் 'கால்நடை' என்ற வரையறைக்குள் வந்தன. உயிருள்ள விலங்குகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி திறக்கப்படுகிறது என்று விலங்கு நல அமைப்புகளும் சமயத் தலைவர்களும் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் 20-ஆம் தேதிக்குள் வரைவு திரும்பப் பெறப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு வந்து, நிலைக்குழுவுக்குப் போய், பிரிவு பிரிவாக விவாதிக்கப்பட்டிருக்க வேண்டிய மசோதா பத்து நாளில் மடிந்தது. அறிவிக்கை மூலம் எதையும் செய்ய அனுமதிக்கும் நூற்றாண்டு பழைய சட்டம் உயிரோடு இருக்கிறது. மசோதாவை எதிர்த்தவர்கள் வென்றார்கள், விவாதம் தோற்றது.

குழு பார்த்தால் என்ன நடக்கும்

நாடாளுமன்றம் உண்மையாகவே பார்த்த நேரங்களும் உண்டு. அயல்நாட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு அதை ஆராய்ந்து 2022 ஏப்ரலில் விரிவான அறிக்கை அளித்தது. மசோதாவின் பிழைகளைச் சுட்டியதோடு, வளர்ப்பு யானைகளின் விற்பனைக்கு வழி திறந்துவிடக் கூடாது என்ற கவலையையும் குழு பதிவு செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் டிசம்பரிலும் இரு அவைகளும் விவாதித்து மசோதாவை நிறைவேற்றின. யானையைச் 'சமய நோக்கத்துக்காகவோ வேறு எந்த நோக்கத்துக்காகவோ' மாற்றலாம் என்ற வாசகம் குறித்து அவையில் காரசாரமாகவே பேசினார்கள்.

அந்த 'வேறு எந்த நோக்கம்' என்பதற்கு நடைமுறை உருவம் தந்தவைதான் 2024 மார்ச் 14-ஆம் தேதி விதிகள். மசோதாவுக்கு ஓராண்டு ஆய்வு நடந்தது. விதி அவை கலைந்த பிறகு வந்தது.

மின்சார வாகனங்கள் குறித்தும், திருச்சி சிவா தலைமையிலான தொழில் துறை நிலைக்குழு 2023 டிசம்பரில் தனி அறிக்கை அளித்தது. மானியத் திட்டத்தை நீட்டிப்பது உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் இருந்தன. 'யோசனை இல்லை' என்ற பதிலும் அதே மாதத்தில்தான் வந்தது. இறக்குமதி வரிச் சலுகை பற்றி அந்தக் குழுவிடம் ஒரு வரைவைக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருந்தால், மூன்று மாதங்கள் தாராளமாகப் போதும்.

விதிகளைப் பார்ப்பதற்கென்றே இரு அவைகளிலும் துணைநிலைச் சட்டங்கள் குழு உண்டு. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1964 முதலும் இயங்குகிறது. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. விதிகளை மேஜையில் வைப்பதில் தாமதம் குறித்து இக்குழுக்கள் பல முறை கண்டித்திருக்கின்றன. ஆனால், அவற்றின் அறிக்கைகள் வெளிவருவது விதி அமலாகி நெடுநாள் கழித்தே. தனிப்பட்ட உறுப்பினர் ஒருவர் ரத்துத் தீர்மானம் கொண்டு வருவதும் அரிது. 2012 மே 17-ல் தகவல் தொழில்நுட்ப விதிகளை ரத்து செய்யக் கோரி மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ் மாநிலங்களவையில் கொண்டு வந்த தீர்மானம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அதுவும் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆனால், விதிகளை மறுபரிசீலனை செய்வதாக அமைச்சர் கபில் சிபல் அவையில் சொல்ல வேண்டி வந்தது.

அவை விட்ட இடத்தை நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. 2017 மே மாதத்தில் கால்நடைச் சந்தை விதிகள் வெளியானபோது, ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள வந்தாரா விலங்குகள் மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து விலங்குகள் வந்தது குறித்துக் கேள்வி எழுந்தபோதும், 2025 ஆகஸ்டில் விசாரணைக் குழு அமைத்தது உச்ச நீதிமன்றமே. ஓய்வுபெற்ற நீதிபதி செலமேஸ்வர் தலைமையிலான அக்குழு விதிமீறல் இல்லை என்று அளித்த அறிக்கையை நீதிமன்றம் செப்டம்பர் 15-ல் ஏற்றுக்கொண்டது. முடிவு எதுவாக இருந்தாலும், அனுமதி ஆவணங்களை வரவழைத்துப் பார்க்கும் வேலையை நீதிமன்றம் செய்தது. அதைச் செய்யும் அதிகாரம் ஒரு நிலைக்குழுவுக்கும் உண்டு.

இனி வர இருப்பவை இன்னும் பெரியவை. பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. அதில் கார் இறக்குமதி வரிச் சலுகை உண்டு. மின்சார கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சலுகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சும் 2026 ஜனவரி 27-ல் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. கார் வரி அதிலும் முக்கிய அம்சம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள்கள் வைக்கப்பட்ட பிறகே உறுதி செய்யப்பட முடியும். இந்தியாவில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் போதும். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் வரிக்குறைப்புகள் சுங்கச் சட்டத்தின் அறிவிக்கைகளாக வரும். ஒப்பந்தம் சார்ந்த விலக்குகளுக்கு இரண்டு ஆண்டு வரம்பும் பொருந்தாது.

அவை வழக்கம்போல் நண்பகல் 12 மணிக்கு மேஜைக்கு வரும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது, யாருக்கு, ஏன் என்று ஒரு பக்க விளக்கமாவது அறிவிக்கையோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும் என்று கேட்க உறுப்பினர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆவணம் வைக்கப்படும்போது எழுந்து நின்றால் போதும்.